சத்தியப்பிரமாணம் சபையில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடியக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தை ஸூம் வழியாக நடத்தும் ஏற்பாடு 2020 ஏப்ரலில் பெருந்தொற்றின் நெருக்கடியால் தொடங்கியது. நெருக்கடி நீங்கிய பின்னரும் அதுவே வழமையாகிவிட்டதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் தாயார் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே குடிமகளானார். பட்டுச்சேலை உடுத்தியிருந்தார், திரையில் தோள்வரைதான் தெரிந்தது. அதிகாரி சொன்னதும் நிரந்தர வதிவிட அட்டையைக் கமராவுக்கு முன் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டினார். பின்னர் நீதிபதி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லச் சொல்ல, இடையிடையே அறுந்த ஒலியைப் பிடித்துப் பிடித்து உறுதிமொழியைச் சொல்லி முடித்தவர், "முடிஞ்சுதோ?" என்று என்னைக் கேட்டார்.

குடியுரிமைத் தேர்வும் மொழிச் சான்றும் 18 முதல் 54 வயது வரையுள்ளோருக்கே கட்டாயம். அந்த வயதைக் கடந்த என் தாயார் போன்றவர்களுக்கு, படிவங்களைப் பிள்ளைகள் நிரப்பிவிடுவதால், தம் வாயால் தாமே செய்வதற்கு எஞ்சியிருப்பது இந்த உறுதிமொழி ஒன்றுதான். கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடிகள், இனுவிட், மெட்டிஸ் மக்களின் உரிமைகளை ஏற்கும் சொற்கள் 2021இல் அதில் சேர்க்கப்பட்டன. அத்தகைய வாக்கைக் கொடுப்பவருக்கு எதிரே ஒரு சபை இருக்க வேண்டாமா?

குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1947 ஜனவரியில், ஒட்டாவாவில் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் நடந்த முதல் விழாவில், பிரதமர் மெக்கன்சி கிங்கே மற்றவர்களோடு நின்று முதலாவது சான்றிதழைப் பெற்றார். 2023இலோ, எவர் முன்னிலையும் இன்றி ஒரு சொடுக்கில் உறுதிமொழி எடுக்கலாம் என்ற யோசனையை அரசு முன்வைத்தது. முன்னாள் ஆளுநர் நாயகம் ஏட்ரியன் கிளார்க்சன் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார்.

தொலைவில் வாழ்வோருக்கும் நோயாளருக்கும் வேலையில் விடுப்புக் கிடைக்காதோருக்கும் இணையவழி பேருதவி என்பதை மறுக்கவில்லை. நேரில் நடக்கும் விழாவை விரும்பினால் கேட்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அப்படிக் கேட்கலாம் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு ஒரு நண்பர் சொல்லியே நாங்கள் அறிந்தோம். "நேரிலா, இணையத்திலா?" என்ற கேள்வியை விண்ணப்பப் படிவத்திலேயே, எவர் கண்ணிலும் படும்படி சேர்க்குமாறு குடிவரவுத் திணைக்களத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்