நான்சாங் ஓட்டலில் பார்த்த அந்தப் பாட்டிக்கு

2009 அக்டோபரில் மகளைத் தத்தெடுக்க அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போயிருந்தோம். அப்போதெல்லாம் முதலில் குழந்தை பிறந்த மாகாணத்தில் தத்துப் பத்திரம் முடியும், அப்புறம் அமெரிக்க விசாவுக்கு எல்லோரும் குவாங்சோ நகரத்துக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. எங்களுக்கு ஜியாங்சி மாகாணம், அதன் தலைநகர்தான் நான்சாங்.

பதினொரு மாதக் குழந்தை கைக்கு வந்து இரண்டாம் நாள். பாட்டிலை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள், என் மனைவியும் அழுகிறாள், எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த நீங்கள் வந்து பாட்டிலை வாங்கி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினீர்கள். பாலைச் சுடச்சுடக் கலந்து, அரிசி மாவும் சேர்த்து, நிப்பிளின் துளையைக் கத்தரியால் சற்றுப் பெரிதாக்கிக் கொடுத்தீர்கள். காப்பகத்தில் பழகிய பால் அதுதானாம், பிறகுதான் தெரிந்தது. அவள் உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி மொத்தத்தையும் குடித்தாள். குழந்தையின் வெறும் காலைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டினீர்கள், நம் ஊர்ப் பாட்டி மாதிரியே, அது புரிய மொழி தேவைப்படவில்லை.

பணம் நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை, அது இன்றுவரை உறுத்துகிறது.

2024-இல் சீனா வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்திய செய்தியைப் படித்த அன்று முழுக்க உங்கள் நினைப்புதான். மகளுக்கு அந்தக் கதையை மறுபடி சொன்னேன். ரொம்ப நன்றி, பாட்டி.