கிளை கழித்த மாநகராட்சி அண்ணனுக்கு நன்றி

மழைக்கு முன் எங்கள் தெருத் தூங்குமூஞ்சி மரத்தில் கிளை கழித்தவரின் பெயர் தெரியவில்லை. நன்றி அண்ணே!

தொடை கனக் கிளையை ஒரே வெட்டில் எடுத்தால், பாரத்தில் முறிந்து அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். நீங்கள் அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்தீர்கள். அதற்கும் இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கினீர்கள். மிச்சக் கட்டையை, கிளை பிறக்கும் இடத்துப் புடைப்பு வளையத்தைத் தொடாமல் எடுத்தீர்கள். காயம் மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். தார் பூசச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றதும் சரி. பூசினால் உள்ளே ஈரம் தங்கி அழுகும். வேரை நெரித்த சிமென்ட்டையும் கொத்தி எடுத்தீர்களே, அதை யாரும் கேட்கக்கூட இல்லை! விளம்பரப் பலகை ஆணிகளை நாங்கள் பிடுங்கிவிடுகிறோம்.