அம்மாவைக் கட்டிலில் இருந்து இறக்குடா

டேய் காட்பாடி,

ஆறு மாசம் பதில் போடாததுக்குத் திட்டு பிறகு வாங்கிக்கிறேன். அம்மா விழுந்ததை உன் தம்பி சொன்னான். இடுப்பு மூட்டில் பந்தை மட்டும் மாத்தி மூணு நாளாச்சு, இன்னும் கட்டில்லயே இருக்காங்களாமே?

"பாவம், படுக்கட்டும்"னு சொல்ற கூட்டத்தை முதல்ல வெளியே அனுப்பு. (பெரியம்மாவையும்தான். நான் சொன்னேன்னு சொல்லிடாதே.) படுக்கப் படுக்கத் தொடைச் சதை கரையும், நெஞ்சில் சளி கட்டும், குதிகால் புண்ணாகும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைஞ்சு அடைக்கும்.

டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளு: முழு எடை ஊன்றலாமா? இடுப்பைப் பின்பக்கமாத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்களா? பின்பக்கம்னா இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. கால் மேல் கால், குந்துறது, தரையில் உட்கார்றது எதுவும் கிடையாது. நம்ம ஊர் கக்கூஸ்தான் அங்கே வில்லன். உயரமான கமோடு நாற்காலி வாங்கிடு. முட்டிக்கடியில் தலையணை வைக்காதே, கால் மடங்கினபடியே இறுகிடும். புரட்டும்போது ரெண்டு முட்டிக்கும் நடுவில் ஒண்ணு வை.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழிச்சுத்தான் பிசியோ. அதுவரை பாதத்தை மேலும் கீழும் மணிக்கு பத்து தடவை. பிறகு கட்டில் ஓரத்தில் கால் தொங்க அஞ்சு நிமிஷம். படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் பிரஷர் பார்க்கச் சொல்லு; நிற்கும்போது மேல் எண் 20 இறங்கினா தலை சுத்தலாம். இந்த வெயிலில் தண்ணி குறைஞ்சாலும் அதேதான்.

அக்குளில் கைவிட்டுத் தூக்கவே தூக்காதே, தோள் போயிடும். நாற்காலிக் கையை அழுத்தி அவங்களே எழட்டும். வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழுந்தா அது கவிழும். நிமிர்ந்து கை தொங்கவிட்டா கைப்பிடி மணிக்கட்டு மடிப்பில் வரணும். தாழ்ந்தா கூனுவாங்க, உயர்ந்தா தோளைத் தூக்குவாங்க. முதல்ல வாக்கர், அப்புறம் ஆபரேஷன் பண்ண கால், கடைசியா நல்ல கால். படி ஏற நல்ல கால் முன்னே, இறங்க மத்தது முன்னே.

"இனிமே எனக்கென்ன"ன்னு சொன்னாங்களாம். நாம சைக்கிளில் தாண்டிப் போவோமே, வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையம், 1966-ல் அதைத் தொடங்கின டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்துக்கப்புறம் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செஞ்சவங்கன்னு சொல்லு. கோபம் வந்தாவது எழுந்திருப்பாங்க.

வீட்டு வாசப்படி எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் பிடி இருக்குன்னு அளந்து உடனே எழுது. ஆம்பூர் பாக்கி அப்படியே இருக்கு, மறக்கலை.

உன்,
ஒல்லி