மாதிரிக் குதிரையும் லாயத்துக் குதிரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கர்களின் பொழுதுபோக்குகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், மாதிரிக் குதிரைகளைத் திருத்தியமைத்துப் போட்டிக்கு வைப்பவர்களைக் குறித்து, உயிருள்ள குதிரை வாய்க்காதவர்கள் பொம்மையைக் கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் பதினான்கு ஆண்டுகளாக வசித்து, அவற்றில் ஒன்பது ஆண்டுகளாக இந்தக் கைவேலையில் ஈடுபட்டு வருபவள் நான். அந்த வரி உண்மையைத் தலைகீழாகச் சொல்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். குதிரையின் அருகில் நின்று பழகாதவரால் நல்ல மாதிரிக் குதிரை ஒன்றைச் செய்யவே முடியாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத துறை என்பதால் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டு சிகாகோவின் பிரேயர் நிறுவனம், ஒரு கடிகார நிறுவனத்துக்காக, அலங்காரக் கடிகாரத்தோடு பொருத்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் குதிரையை வார்த்துக் கொடுத்தது. அந்தக் குதிரையே பின்னர் தனியாக விற்பனைக்கு வந்து, ஒரு பெரும் வழக்கத்துக்கு வித்திட்டது. இன்று பரவலாகப் பயன்படும் பெரிய அளவு ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது, முதுகின் மேட்டுவரை 64 அங்குல உயரமுள்ள குதிரை மேசைமீது ஏறக்குறைய ஏழு அங்குல உயரத்தில் நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் முப்பத்திரண்டில் ஒரு பங்குக் குதிரைகளும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பவை ஒரு பிரிவாகவும், கையால் திருத்தப்பட்டவை மற்றொரு பிரிவாகவும், சேணம், கடிவாளம், அங்கவடி எல்லாம் அளவு பிசகாமல் பூட்டிக் காட்சியாக அமைக்கப்பட்டவை வேறொரு பிரிவாகவும் போட்டியில் வைக்கப்படுகின்றன. வட அமெரிக்க மாதிரிக் குதிரைக் கண்காட்சிச் சங்கம் ஏற்றுக்கொண்ட காட்சிகளில் முதல் இரண்டு இடங்களைப் பெறும் குதிரைகளுக்கே தேசிய அளவிலான போட்டிக்குரிய தகுதி அட்டை கிடைக்கும்.

திருத்தியமைப்பது என்றால் மேலே வண்ணம் பூசுவது மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பக் காற்றில் காட்டிப் பிளாஸ்டிக்கை இளக்கி, கழுத்தையும் கால்களையும் வேண்டிய கோணத்துக்கு வளைத்துக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி நிலைப்படுத்த வேண்டும். வளைத்த இடத்தில் தசை இருக்க வேண்டிய விதத்தில் இராது; ஆகவே, சம அளவில் பிசையும் இருபகுதி எப்பாக்ஸி களிமண்ணைக் கொண்டு தோளையும் தொடையையும் புதிதாக ஏற்றி, அது இறுகிய பின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அடிப்பூச்சு பூசியவுடன், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அத்தனையும் வெளிப்பட்டுவிடும் என்பதால், தேய்ப்பதும் பூசுவதும் மூன்று நான்கு முறை தொடரும். அதன் பிறகே நிறம். வண்ணச் சுண்ணக்கட்டியைப் பொடித்து, மென்மையான தூரிகையால் படலம் படலமாக ஏற்றி, ஒவ்வொரு படலத்தையும் நிலைநிறுத்தும் தெளிப்பால் காப்பாற்றிக்கொண்டு போக வேண்டும். ஒரு குதிரைக்கு எனக்கு மூன்று மாதம் ஆகிறது.

நான் முதன்முதலாகப் போட்டியில் வைத்த குதிரை, ஓட்டத்தில் செல்லும் அரபுக் குதிரை. கால்களை நானே வளைத்திருந்தேன். வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்ற நிறைவோடு மேசையில் வைத்தேன். நடுவராக வந்திருந்த அம்மையார் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, குறிப்புச் சீட்டில் ஒரே ஒரு வரி எழுதி வைத்துச் சென்றார்: 'ட்ராட் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் குதிரை பேஸ் நடையில் செல்கிறது.' ட்ராட் ஓட்டத்தில் முன்னங்கால் ஒன்றும் அதற்கு மூலைவாட்டில் உள்ள பின்னங்காலும் சேர்ந்து எழும். பேஸ் நடையிலோ ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து எழும். வண்டிப் பந்தயத்தில் ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனக் குதிரைகள் பலவற்றுக்கு அது இயல்பான நடை. நான் செய்த அரபுக் குதிரைக்கு அது பொருந்தாது. குதிரையின் நடைகளை ஐங்கதி என்று வகுத்துப் பெயரிட்ட மொழியில் பிறந்து வளர்ந்திருந்தும், ஒரு குதிரை கால் எடுத்து வைப்பதை நான் ஒருமுறைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை முதல், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளைப் பராமரிக்கும் லாயம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாணம் அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது, வைக்கோல் விரிப்பது ஆகியவையே என் பணி. அங்கே பதினேழு வயதான ஒரு பெட்டைக் குதிரை என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு ரோமம் வெளுத்து வருபவை. ரோமம் வெளுத்தாலும் அடியில் தோல் கருத்தே இருக்கும் என்பதை, குளிப்பாட்டும்போது அதன் மூக்கருகே நனைந்த இடத்தில்தான் முதலில் கண்டேன். முழுதும் வெளுத்த அதன் உடலில் செந்நிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கும்போது தூரிகை முனையால் வைத்த பொட்டுப் போலத் தெரியும் அவற்றை, தேய்ப்புத் தூரிகையும் கையுமாக அருகில் நின்று பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் நாலைந்து சிவந்த மயிர்கள் ரோமம் படிந்த திசையிலேயே படுத்திருப்பதுதான் என்பது புலப்படும். கழுத்தில் அவை நெருக்கமாகவும், பின்தொடையில் விலகியும் இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகு, என் மேசையிலிருந்த குதிரைக்கு நான் வைத்திருந்த வட்டப் பொட்டுகள் அத்தனையையும் துடைத்தெடுத்துவிட்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால் கீற்றுக் கீற்றாக மீண்டும் இட்டேன்.

குளம்பின் அடிப்பகுதியும் அப்படித்தான். லாடம் அடிப்பவர் காலைத் தூக்கித் தம் தொடைமேல் இருத்திக்கொண்டு அழுக்கைச் சுரண்டும்போது, பின்புறத்திலிருந்து நடு நோக்கிக் கூம்பி வரும் முக்கோண வடிவ மெத்தைப் பகுதி வெளிப்படும். ஓங்கி அழுத்தினால் சற்றே நெகிழும் அந்தப் பகுதி, ஐந்நூறு கிலோ எடை தரையில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவதில் பங்கேற்கிறது. பழைய மாதிரிக் குதிரைகள் பலவற்றில் அந்த இடம் வெறும் தட்டையாக இருக்கும். மேசையில் நிற்கும் குதிரையின் குளம்படியை எவரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; தூக்கிய காலை நடுவர் குனிந்து பார்ப்பார் என்பது ஒருபுறம் இருக்க, அந்த மெத்தையை ஒருமுறை விரலால் தொட்டவருக்கு அதைச் செதுக்காமல் விட மனம் வராது.

இந்தக் கைவேலையில் ஈடுபட்டிருக்கும் எங்கள் வட்டாரத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பரிசு வாங்கிய மாதிரிக் குதிரைகளின் படங்களைப் பார்த்தே அடுத்த குதிரையைச் செய்யும் பழக்கம் பரவி வருகிறது. ஒருவர் செய்த தவறு இருபது பேர் கையில் நுழைந்து, அதுவே அழகு என்று நிலைபெற்றுவிடுகிறது. இயற்கையில் காணாத அளவுக்குக் குழிந்த அரபுக் குதிரை முகங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். தங்கள் கட்டுரையாளர் குறை சொல்ல விரும்பியிருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம், நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தர விரும்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது முகமூடியும், எப்பாக்ஸியைப் பிசையும்போது கையுறையும் கட்டாயம், தெளிப்புகளைத் திறந்த வெளியில்தான் பயன்படுத்த வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் தொடக்கத்தில் தேவையில்லை.

1990-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரேயர் நிறுவனத்தின் விழா, ஜூலை மாதத்தில் இங்குள்ள கென்டக்கி குதிரைப் பூங்காவை மையமாகக் கொண்டு நடைபெற்று வருகிறது. ஓடிய 21 பந்தயங்களில் 20-இல் வென்ற மேன் ஓ' வார் என்ற குதிரையின் கல்லறையும் வெண்கலச் சிலையும் அதே பூங்காவில்தான் இருக்கின்றன. மாதிரியாக வார்க்கப்பட்ட குதிரைகள் சிலவற்றின் மூலக் குதிரைகளையே விழாவுக்கு அழைத்து வருவார்கள். கையில் சிறிய குதிரையை வைத்துக்கொண்டு, வேலிக்கு அப்பால் நிற்கும் பெரிய குதிரையோடு நெற்றிச் சுட்டியை ஒப்பிட்டுப் பார்க்கும் மனிதர்களை அங்கே வரிசையாகக் காணலாம். தங்கள் கட்டுரையாளர் வரும் ஜூலையில் லெக்சிங்டன் வர இயலுமானால், விழாவுக்கும் எங்கள் லாயத்துக்கும் நானே அழைத்துச் செல்கிறேன். லாயத்துக்கு மட்டும் காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் என் பெட்டைக் குதிரை மரநிழலைவிட்டு நகராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லெக்சிங்டன், கென்டக்கி