வாத்தியார் சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முத்து,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எதிர் வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்பதுவரை சொல்கிறாள். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை நம் கூட்டாளி ஒல்லி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீ ஏன் சொல்லவில்லை என்பதை நேரில் பேசிக்கொள்வோம்.

நான் மேற்கு வங்காளத்து அசன்சோல் போய் வந்தேன். என் சேகரிப்புக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்க. நீ தலையில் அடித்துக்கொள்வது புனேயிலிருந்து இங்கே கேட்கிறது. பரவாயில்லை, கடைசிவரை படி. உனக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது.

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர், அங்கிருந்து அசன்சோல் இன்னொரு 200. விஜயவாடாவில் ஏறிய ஒரு பெரியவர் எதற்காக இவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய அப்பா அட்லஸ் சைக்கிள் வைத்திருந்தாராம். ராஜமுந்திரியில் இறங்கும்வரை அந்த அட்லஸைத் தவிர வேறு எதையும் அவர் பேசவில்லை. சைக்கிள் என்று வாயெடுத்தால் போதும், எந்த ஊர்க்காரரும் அவர் வீட்டு வண்டிக்குப் போய்விடுகிறார். இது உனக்கும் பொருந்தும், பிறகு வருகிறேன்.

வாங்கியது சென்-ராலி. இங்கிலாந்தின் ராலி கம்பெனியும் நம் நாட்டு சுதிர் குமார் சென்னும் கூட்டாக, 1950-களின் தொடக்கத்தில் அசன்சோலை ஒட்டிய கன்யாபூரில் போட்ட தொழிற்சாலையின் வண்டி. அதே சமயத்தில்தான் நம் அம்பத்தூரிலும் தொடங்கியது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். 1951-ல் அவர்களுடைய ஹெர்குலிஸ் சைக்கிள் வெளியே வந்தது. சோனிப்பட்டில் அட்லஸும் அதே 1951. லூதியானாவில் ஹீரோ 1956. அதுவரை பெரும்பாலும் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சாமான், ஐந்தாறு வருஷத்துக்குள் நம் ஆட்கள் கையால் செய்யும் சாமானாக மாறிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் பழைய சைக்கிள் சேகரிக்கிறவர்கள் யாரும் இந்த நம் நாட்டு வண்டிகளைத் தேடுவதில்லை. அதுதான் என் குறை. எல்லாருக்கும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலி வேண்டும், முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இரட்டைக் குழாய் ஓடும் ஹம்பர் வேண்டும், சக்கரப் பல்லில் கை உருவம் வெட்டிய ரட்ஜ் வேண்டும். பின் ஹப்பைத் துடைத்து, ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற கம்பெனிப் பெயருக்குக் கீழே வருஷத்தைக் குறிக்கும் இரண்டு எண் தெரிந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பார், இங்கிலீஷ் வண்டிக்கு ஒரு ராகம், அம்பத்தூர் வண்டிக்கு ஒரு ராகம். சீமை வண்டிகளை நான் குறை சொல்லவில்லை, அவையும் அழகுதான். அவற்றை யாராவது காப்பாற்றிவிடுவார்கள். நம் ஊரில் செய்த வண்டி 20 கிலோ இரும்பாகத் தராசில் ஏறுகிறது. பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் துணி வியாபாரியும் மிதித்தது இந்த வண்டிகளைத்தானே?

சரி, அசன்சோலுக்கு வருகிறேன். விற்றவர் அந்தத் தொழிற்சாலையில் பிரேம் செக்‌ஷனில் வேலை பார்த்த முதியவர். எனக்கு வங்க மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் அவருடைய பேரன் இங்கிலீஷில் ஓடினான். பொரியும் பச்சை மிளகாயும் வைத்து உட்காரச் சொன்னார்கள். விலை பேசும் முன்பே வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் இடத்தில் பிரேம் குழாய்கள் சேரும் மூட்டை எனக்குக் காட்டினார். அந்த இடத்தில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து, விளிம்பில் மயிரிழை மாதிரி மஞ்சளாக ஒரு கோடு. பித்தளை. மூட்டைப் பழுக்கக் காய்ச்சி, பித்தளையை உருக்கி ஓடவிட்டால் அது இடுக்கெல்லாம் தானே புகுந்து, மறுபக்கம் இந்த அளவுக்கு எட்டிப் பார்க்க வேண்டுமாம். கோடு நடுவில் அறுந்திருந்தால் உள்ளே பித்தளை போகவில்லை என்று அர்த்தம். பிதுங்கி நின்றால் அரத்தால் ராவ வேண்டும். மேஸ்திரி விரல் நகத்தால் தடவிப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவாராம். அவரும் தன் நகத்தால் தடவிக் காட்டினார். என் கையையும் பிடித்துத் தடவ வைத்தார்.

முத்து, எத்தனை பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், அந்தக் கோட்டை நான் கவனித்ததே கிடையாது. வந்ததும் வராததுமாக வீட்டிலிருக்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலை 1980-ல் அரசுடைமையாகி, சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்று பெயர் மாறி, அப்புறம் மூடியே போய்விட்டது. அந்தப் பக்கம் சாலைக்கு மட்டும் சென்-ராலி ரோடு என்ற பெயர் நிற்கிறது. பெரியவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பணத்தை எண்ணாமல் பேரனிடம் கொடுத்துவிட்டு, செயினுக்கு எண்ணெய் போடச் சொன்னார், அவ்வளவுதான். அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலையும் 2020 ஜூன் 3-ஆம் தேதி நின்றுபோனது நினைவிருக்கிறதா? அன்றைக்கு உலக சைக்கிள் தினம். அந்தச் செய்தியை நீதான் எனக்கு அனுப்பினாய்.

ஒரு புலம்பலையும் கேள். சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, இடது பெடல் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை லாட்ஜ் பையனுக்கு விளக்கிக் கழற்றி, எல்லாவற்றையும் சாக்கில் சுற்றித் தைத்து லாரி சர்வீஸில் போட்டேன். 'உடையும் பொருள்' என்று எழுதியும் கொடுத்தேன். வந்து இறங்கியபோது முன் மட்கார்டு நெளிந்து கிடக்கிறது. கேட்டால், பழைய சைக்கிள்தானே சார் என்கிறான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நம் ஸ்டாண்டு கடை அண்ணாச்சி மரக்கட்டையை உள்ளே கொடுத்துத் தட்டித் தட்டி நிமிர்த்திவிட்டார், அதில் வரைந்த தங்கக் கோடு பட்டும் படாமலும் தப்பித்தது. பல்சக்கரத்தில் ராலியின் சின்னமான நாரைத் தலை மூன்றும் அப்படியே இருக்கின்றன. பால்ரஸ் மட்டும் புதிது போட்டேன்.

ஒல்லி வந்து பார்த்துவிட்டு, முழுக்கக் கறுப்பு அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால் ஷோரூம் மாதிரி ஆகிவிடும் என்கிறான். அவனோடு பெரிய சண்டை. அந்தப் பெரியவர் நகத்தால் தடவிய கோட்டின் மேல் பெயின்ட் ஊற்றவா இவ்வளவு தூரம் போனேன்? துரு பரவாமல் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். கேரியர் தேய்ந்திருந்தால் எந்தச் சுமை தேய்த்தது என்று கேட்க வேண்டும், சுரண்டி எடுக்கக் கூடாது.

அடுத்து புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அப்போது ஓட்டிய வண்டி ஒன்றாவது வேண்டும். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் வண்டியையே எடுத்து ஓட்டியவர்கள் நிறைய. பார் இருந்தால் குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் அந்த வண்டியை இன்னும் மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருப்பார். கீரனூர்ப் பக்கம், குடுமியான்மலைப் பக்கம் விசாரித்துவிட்டேன். இதுவரை கிடைத்ததெல்லாம் கதைதான், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது உன் வேலை. சாத்தூர் வீட்டை விற்கப் போகிறாயாம். இதையும் ஒல்லிதான் சொன்னான். நல்ல விலை வந்தால் கொடு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பின்கட்டில் விறகுக்குப் பின்னால் வாத்தியார் சைக்கிள் நிற்கிறது. அம்பத்தூர் ஹெர்குலிஸ், 24 இன்ச் பிரேம். உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில்தான் தினமும் இருக்கன்குடிப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். கேரியரில் பரீட்சைப் பேப்பர் கட்டு, ஹேண்டில்பாரில் தூக்குவாளி. அந்த வண்டியில்தான் நீயும் நானும் குரங்குப் பெடல் அடித்தோம். ரயில்வே கேட் விஷயம் வெளியே வராமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வருகிறேன், அதை மனதில் வைத்துக்கொள்.

உன் அத்தான் வீட்டை ஒழிக்கும் ஜோரில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வண்டியை எனக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. உனக்கே வேண்டுமென்றால் இன்னும் சந்தோஷம், புனேக்குப் பிரித்துக் கட்டி நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். லாரி சர்வீஸை இனி நம்ப மாட்டேன். வேண்டாமென்றால் இங்கே வாத்தியார் பேரில் இருக்கும். எதுவானாலும் பெயின்ட் மட்டும் கிடையாது.

சாவி அத்தானிடமா, எதிர் வீட்டுப் பெரியம்மாவிடமா? அதை மட்டும் உடனே சொல். வருகிற வெள்ளிக்கிழமை எனக்குக் கோவில்பட்டியில் ஒரு வேலை இருக்கிறது, வழியில் சாத்தூரில் இறங்கி வண்டியை வெளியே எடுத்து, காற்று அடித்துப் பார்த்துவிடுவேன். அத்தானுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு, என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அன்புடன்,
கண்ணன்