கல்லைத் தேடியபோது கண்ணில் பட்டவை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் ஸ்கேன் ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. கல் தானாகவே வெளியேறிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அதே படத்தில் சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, நுரையீரலில் ஒரு முடிச்சு, அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி என்று மூன்று தென்பட்டதால், அடுத்த பக்கம் முழுக்க நீ பயந்துபோய் எழுதியிருக்கிறாய். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என்கிறாய். சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சி.டி.யில் நுரையீரல் எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறாய். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வயிற்றுக்கு எடுக்கும் படம் உதரவிதானத்துக்குச் சற்று மேலிருந்தே தொடங்கும். அதனால் நுரையீரலின் அடிப்பகுதியும் அதில் விழுந்துவிடும். அட்ரினல் சுரப்பியோ சிறுநீரகத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. எதைத் தேடி அனுப்பினாலும் சரி, படத்தில் விழுந்த அத்தனையையும் பார்த்து எழுத வேண்டியது ரேடியாலஜிஸ்ட்டின் கடமை. இத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பொருள் அங்கே இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள். அதற்காக எவ்வளவு கவலைப்படலாம் என்பது அதன் அளவையும் அடர்த்தியையும், உன் வயதையும், உனக்கு இருக்கும் மற்ற வியாதிகளையும் பொறுத்தது.

வலது சிறுநீரகத்து நீர்க்கட்டியை மறந்துவிடு. மெல்லிய சுவர், உள்ளே தண்ணீர், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அடிக்கடி பார்க்கிற சமாச்சாரம்.

உன் தூக்கத்தைக் கெடுத்தது நுரையீரலில் இருக்கிற 4 மில்லிமீட்டர் முடிச்சு. பழைய தொற்று ஏதாவது ஆறிய தழும்பாக இருக்கலாம், சின்ன நிணநீர் முடிச்சாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட முடிச்சுகளை என்ன செய்வது என்று ஃபிளைஷ்னர் சொசைட்டி என்ற நெஞ்சுப் பட நிபுணர்களின் சர்வதேச அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். வயிற்று ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்ட முடிச்சு 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், மேற்கொண்டு நெஞ்சு சி.டி. தேவையில்லை என்கிறது அது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உனக்கு அந்த இரண்டும் இல்லை, சிகரெட்டைத் தொட்டதும் இல்லை.

'ஒரு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுகிறேனே' என்று கேட்கிறாய். அதில் ஏன் பிரயோஜனமில்லை என்று சொல்கிறேன். 4 மில்லிமீட்டர் முடிச்சு கன அளவில் இரண்டு மடங்காக வளர்ந்தாலும், குறுக்களவில் 5 மில்லிமீட்டர்தான் ஆகும். நாங்கள் அதை எப்படி அளக்கிறோம் தெரியுமா? திரையில் பெரிதாக்கி, மவுஸைப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் கோடு இழுக்கிறோம். ஓரம் மங்கலாக இருக்கும். ஒரே படத்தை ஒருவர் 4 என்பார், அடுத்தவர் 5 என்பார். ஒரு மாதத்தில் வரக்கூடிய மாற்றம் அந்தக் கோட்டின் தடுமாற்றத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும். உனக்குக் கிடைப்பது கதிர்வீச்சும் இன்னொரு தூங்காத இரவும்தான்.

2011-இல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பல வருடம் கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்கு நெஞ்சு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகத்துக்குரியது என்று வந்த முடிவுகளில் 100-க்கு 96 புற்றுநோய் இல்லை. அதே ஆய்வில் அந்த ஸ்கேனால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கிறது. நீ அந்தக் கூட்டத்தில் இல்லை.

சரி, இப்போது நான் உன்னோடு சண்டை போடப்போகிற இடம். 'இடது அட்ரினலில் 1.8 சென்டிமீட்டர் கட்டி, நல்ல கட்டிதான் என்று போட்டிருக்கிறது' என ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். மூன்றில் நீ உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டியது இதற்குத்தான்.

அது நல்ல கட்டி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. சி.டி. அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அளவில் சொல்வோம். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அட்ரினல் கட்டி சாயமருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் ஒரே சீராக, 10-க்குள் இருந்தால் அதன் செல்களில் கொழுப்பு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், புற்றுநோயில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். உன்னுடையது 6. அதற்காகத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் அட்ரினல் ஹார்மோன் சுரக்கிற உறுப்பு. புற்றுநோய் இல்லாத கட்டியும் சத்தமில்லாமல் அதிகமாகச் சுரந்துகொண்டிருக்கலாம். படத்தில் அது தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். ஒன்று கார்ட்டிசால் என்ற ஹார்மோன். இரவு பதினோரு மணிவாக்கில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை போட்டுக்கொண்டு, மறுநாள் காலை ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரைக்கு அடங்கி கார்ட்டிசால் இறங்கியிருந்தால் நல்லது. அடங்காவிட்டால் கட்டி தன்னிச்சையாகச் சுரக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இன்னொன்று, பிரஷரை ஏற்றி இறக்குவதில் பங்குள்ள ஆல்டோஸ்டிரோனும் ரெனினும். உனக்கு மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லை என்று போன வருடமே எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பரிசோதனை யாருக்கு அவசியம் என்றால் உன்னைப் போன்றவர்களுக்குத்தான். காரணம் அதுவாக இருந்தால் அதற்கென்றே மாத்திரை இருக்கிறது, சிலருக்கு அறுவைசிகிச்சையும் உண்டு. 'நல்ல கட்டி' என்று கேட்டதுமே பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், செல்வம். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரை அவசியம் பார்.

அப்புறம், பித்தப்பைக்காக நீ முன்பு ஒரு தடவை சி.டி. எடுத்தாயே, அதன் படங்கள் பதிந்த வட்டத்தட்டைத் தேடி எடு. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் வேண்டும். அதே முடிச்சும் அதே கட்டியும் அதே அளவில் அதிலும் இருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். அப்போது யாரும் கவனித்து எழுதாமலும் விட்டிருக்கலாம்.

முழு உடலுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று உன் மகள் சொல்வது பாசத்தால்தான். அவளிடம் தென் கொரியாவின் கதையைச் சொல். அங்கே உடல் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கூடவே தைராய்டு அல்ட்ராசவுண்டும் எடுக்கும் வழக்கம் பரவியது. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு ஆகிவிட்டது. இறப்பு விகிதம் மட்டும் மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுரப்பியை எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டியதாயிற்று. நோய்க்குறி எதுவும் இல்லாதபோது எல்லா இடத்தையும் தேடுவது எனக்கு உடன்பாடில்லை.

இங்கே எல்லோரும் சுகம். நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வேலைக்குப் போகிறேன். கமலாவுக்கு முதுகுவலி என்று எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டிஸ்க் தேய்மானம் என்று வந்தது, அவளும் கலங்கிப்போனாள். முதுகுவலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், எண்பது வயதில் 96 சதவீதம். இதைச் சொன்ன பிறகுதான் அவள் நடைப்பயிற்சியைத் திரும்பத் தொடங்கினாள். வலி குறைந்துகொண்டு வருகிறது.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் உன் பிரஷர் மாத்திரைகளின் பெயரையெல்லாம் எழுதி டாக்டரிடம் காட்டு. சில மாத்திரைகள் ரெனின் அளவை மாற்றிக் காட்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும், நீயாக எதையும் நிறுத்திவிடாதே. முடிவு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்பு. அந்தப் பழைய தட்டு கிடைத்தால் அதையும் அனுப்பிவிடு, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நானே பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி