பழுப்புக் குமிழைத் தந்தவருக்கு

அன்பிற்குரிய பாடகர் குழுவினருக்கும் நம் ஆலயத்தார் அனைவருக்கும்,

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், என் கிட்டாரில் புதிதாக முளைத்திருந்த பழுப்பு நிறக் குமிழைத் தொட்டுப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று பலர் கேட்டீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. முந்தைய நாள் ஒத்திகையில் என் கிட்டாரிலிருந்து எழுந்த இரைச்சலை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். கிட்டாரில் நானே ஒரு டோன் கன்ட்ரோலை, அதாவது கீச்சு ஒலியைக் குறைக்கும் திருகியை, சேர்த்த கைவேலைதான் அது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே அதைத் திரும்பச் சொல்லாமல், அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் ஒத்திகையைத் தொடரச் செய்த ஆயர் ஐயாவுக்கும், தன் கிட்டாரையே தர முன்வந்த அரசரடி நண்பருக்கும், கேட்காமலேயே பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திய தம்பிக்கும், வீடு திரும்பும்வரை சோற்றை மூடிவைத்துக் காத்திருந்த அம்மாவுக்கும் என் நன்றி. இவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், மீதி மடலை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ரேடியோ பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து எங்களைப் பார்த்தவர், தோளில் தொங்கிய கிட்டாரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஷட்டரை மறுபடி மேலே தள்ளினார். பின்பக்க மூடியைக் கழற்றியதும், நான் புதிதாகச் சேர்த்திருந்த டோன் கன்ட்ரோலின் முதுகில் எர்த் வயருக்காகப் பற்றவைத்த ஈயத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அது பளபளப்பே இல்லாமல், கரையான் புற்றுப்போலச் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார்; வயரோடு சேர்ந்து அது கழன்று மேசையில் விழுந்தது. கிட்டார் கம்பிகளுக்குப் போகும் எர்த் வயரையும் அங்கேதான் சேர்த்திருந்தேன் என்பதால், அன்றைய இரைச்சல் முழுவதற்கும் அந்த ஒரு சொட்டு ஈயமே காரணம்.

"ஈயம் பத்தவைக்கிற அயன் எத்தனை வாட் தம்பி?" என்றார். 25 என்றேன். "மெல்லிசு வயருக்கு அது போதும். இந்தத் தகடு சூட்டை உறிஞ்சிரும்ல? நீங்களும் விடாம அழுத்திப் பிடிச்சிருப்பீங்க, கன்ட்ரோலுக்கு உள்ள இருக்கிற கரித்தடம்தான் வெந்திருக்கும், ஈயம் ஒட்டியிருக்காது." உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, தன்னுடைய 60 வாட் அயனைச் சூடாக்கினார். அவரே வைத்துவிடுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவரோ அயனை என் கையில் கொடுத்து, "நீங்களே வைங்க. நாளைக்கு மறுபடி விட்டுப்போனா நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றார். ஈயம் தண்ணீர்போலப் பரவி மின்னிய அந்த இரண்டு விநாடிகள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

எர்த் வயர் பிடித்ததோடு என்னை அனுப்பியிருக்கலாம். வாசித்துப் பார்க்கச் சொன்னார். டிரான்ஸ்பார்மர் உள்ள செட்தான், ஷாக்குக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய வால்வு ரேடியோவின் பின்னால் கிராமபோனுக்காக இருக்கும் துளைகளில் என் கிட்டாரை இணைத்தார். டோனைக் குறைத்ததும் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கியது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரில் டோனுக்கு 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் போட்டார்கள் என்று எங்கோ படித்ததை நம்பி, நானும் அதே மதிப்பைக் குறிக்கும் 104 என்று எண் போட்டதையே வாங்கியிருந்தேன். கெப்பாசிட்டர் கீச்சு ஒலியை எர்த்துக்கு வழித்து விடுகிறது, மதிப்பு பெரிதானால் கீச்சோடு பாட்டின் முகமும் போய்விடும், ரேடியோவின் டோனும் இதே வேலையைத்தான் செய்கிறது என்றார். பிறகு 104, அதைவிடச் சிறிய 473, இன்னும் சிறிய 223 மூன்றையும் குரோக்கடைல் கிளிப்பில் மாற்றி மாற்றி மாட்டி, என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். என் கிட்டாரில் உள்ளதுபோல, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குப் பலரும் போடுவது 223, அதாவது 0.022 மைக்ரோபாரட் என்பதை வீட்டுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்; அங்கே அதை என் காதே எடுத்தது.

நான் வாங்கியிருந்தது பி வகை, அதாவது மின்தடை ஒரே சீராக மாறும் கன்ட்ரோல்; அதில், திருப்பும்போது பெரும்பகுதி ஒன்றும் மாறாமல் கடைசியில் மட்டும் சடாரென்று அமுங்கும். அதைக் கழற்றச் சொல்லி, தகர டப்பாவில் துழாவி, ரேடியோ வால்யூமுக்கு வைக்கும், காதுக்கு ஏற்றபடி மாறும் 500கே (கிலோ ஓம்) லாக் வகை கன்ட்ரோல் ஒன்றை எடுத்துத் தந்தார். அதன் தண்டில் அப்போதே மாட்டியிருந்த பேக்கலைட் குமிழ்தான் நீங்கள் தொட்டுப் பார்த்தது.

பணம் என்றதும் கெப்பாசிட்டருக்கு மட்டும் 2 ரூபாய் கேட்டார். 100 ரூபாயை நீட்டினேன், முகம் சுளித்தார். தம்பியின் பையிலிருந்த 5 ரூபாயை வாங்கிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து மீதி 3 ரூபாயை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். சும்மா தந்திருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

60 வாட் அயன் ஒன்று வாங்கிவிட்டேன். நம் குழுவிலோ பக்கத்து ஆலயங்களிலோ யாருடைய கிட்டாருக்கு டோன் சேர்க்க வேண்டுமானாலும், ஈஸ்டர் முடிந்ததும் கொண்டுவாருங்கள். கூலி வேண்டாம், ஆனால் ஈயத்தை நீங்களேதான் வைக்க வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் கிட்டார்க்காரன்